வெளிச்சத்தைச் சுமந்து திரிந்தவர்: சாமிக்கண்ணு வின்சென்டும் இல்லாமற்போன தியேட்டரும்

2003ஆம் ஆண்டு, சமாதான காலம். இலங்கைத்துறை முகத்துவாரத்தில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, கோயில் திருவிழாவில் இரவிரவாகப் படம் போட்டார்கள். ஊருக்கு மின்சாரம் இல்லை. ஜெனரேற்றரின் இரைச்சல் படத்தின் சத்தத்தை விழுங்கிவிடும் என்று அதை மடப்பள்ளிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்து, அங்கிருந்து வயர் இழுத்திருந்தார்கள். மேசைக்கு மேல் ஒரு ரீவி, அதற்குக் கீழே டெக். மணலில் பாய் விரித்து ஊரே இருந்தது. பிந்தி வந்தவர்களுக்கு இடமில்லை. அவர்கள் உழவு இயந்திரங்களை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தி, பெட்டிகளில் ஏறி நின்று பார்த்தார்கள். என்ன படம் என்பது எனக்கு இப்போது ஞாபகமில்லை. உழவு இயந்திரங்களின் வரிசை மட்டும் அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது.

காரை விட்டு இறங்காமலே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்கு ஒன்றை ரிச்சர்ட் ஹொலிங்ஸ்ஹெட் என்பவர் 1933ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்தில் தொடங்கினார் என்று பிற்காலத்தில் ஊடகக் கற்கை வகுப்பில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களிடம் கார் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்று ஆண்டுகளில், 2006இல், ஈச்சிலம்பற்றுப் பிரதேசம் முழுவதும் வாகரைப் பக்கமாக இடம்பெயர்ந்தது. படம் போட்ட அந்த மணல்வெளியை யாரும் ஒரு தியேட்டர் என்று பதிவு செய்திருக்க மாட்டார்கள். லாண்ட்மாஸ்ரரில் ஜெனரேற்றரையும் ரீவியையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த அந்த மனிதரின் பெயரும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அவருடைய தொழிலுக்கு நூறு வருட வயது இருந்தது. தமிழர்களிடையே அந்தத் தொழிலின் முன்வரிசையில் நிற்பவர் ரயில்வேயில் படம் வரைந்துகொண்டிருந்த ஓர் இளைஞர். கோயம்புத்தூர்க்காரர். பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட்.

இலங்கையிலிருந்து போன பெட்டி

வின்சென்ட் பிறந்தது 1883 ஏப்ரல் 18ஆம் திகதி. தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளர் வேலை கிடைத்துத் திருச்சிராப்பள்ளிக்குப் போனார். மாதச் சம்பளம் 25 ரூபாய். அந்தக் காலத்தில் அது குறைந்த சம்பளமும் இல்லை, பெரிய சம்பளமும் இல்லை. ஒரு மனிதன் கலியாணம் கட்டி, பிள்ளைகளைப் படிப்பித்து, ஓய்வு பெற்று, சத்தமில்லாமல் செத்துப்போவதற்குப் போதுமான சம்பளம்.

1905ஆம் ஆண்டு டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் திருச்சிக்கு வந்தார். அவர் வந்தது இலங்கையிலிருந்து. இங்கே படம் காட்டி முடித்துவிட்டு அக்கரைக்குப் போனவர். கையில் ஒரு படம் காட்டும் கருவியும், இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படச்சுருள் உட்படச் சில குறும்படங்களும் இருந்தன. திருச்சியில் அவருக்கு உடம்புக்கு முடியாமற்போனது. ஊருக்குத் திரும்பத் தீர்மானித்து எல்லாவற்றையும் விற்க முற்பட்டார். வாங்கியவர் வின்சென்ட். அப்போது அவருக்கு வயது 22.

விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். 2,250 ரூபாய் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. வின்சென்டின் சம்பளத்தில் அது 90 மாதக் காசு. ஏழரை வருடம் சாப்பிடாமல் உழைத்தால் சேரக்கூடிய தொகை! கடனும் உடனுமாகப் புரட்டித்தான் இப்படியொரு தொகையைக் கொடுத்திருக்க முடியும். அரச உத்தியோகத்துக்காகத் தவம் கிடக்கும் சமூகம் எங்களுடையது. நிரந்தரச் சம்பளத்தை விட்டுவிட்டு, பெயர் கூடச் சரியாகத் தெரியாத ஒரு பொருளை நம்பி இறங்கிய பிள்ளையை அந்த வீடு எப்படிப் பார்த்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். அந்த நேரத்தில் தென்னிந்தியாவில் சினிமா என்று ஒரு தொழிலே இல்லை. அது ஒரு வேடிக்கை. சர்க்கஸ், செப்படி வித்தை போல வந்து போகும் ஒரு காட்சி.

இலங்கைக்கும் சினிமா அப்படித்தான் வந்தது. இங்கே 1901ஆம் ஆண்டளவிலேயே படம் காட்டியிருக்கிறார்கள். முதலில் பார்த்தவர்கள் ஆளுநரும், தியத்தலாவை முகாமில் வைக்கப்பட்டிருந்த போயர் போர்க்கைதிகளும். இந்தத் தீவின் முதற் சினிமாப் பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் முட்கம்பிக்குள் இருந்தவர்கள் என்பது எங்களுக்குக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய விடயம்.

கூடாரமும் சுண்ணாம்புக் கட்டியும்

அந்தக் காலத்துத் திரையிடல் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் வின்சென்ட் செய்தது என்ன என்று விளங்கும். மின்சாரம் கிடையாது. படத்தைத் திரையில் வீழ்த்துவதற்குப் பலமான ஒளி வேண்டும். அதற்கு ஒட்சிசனையும் ஐதரசனையும் கலந்து எரித்து, அந்தச் சுவாலையை ஒரு சுண்ணாம்புக் கட்டியில் படவைப்பார்கள். கட்டி வெண்மையாகத் தகதகக்கும். அந்த வெளிச்சம்தான் படச்சுருளுக்கூடாகத் திரைக்குப் போகும். சுருளை ஓடவைப்பது கை. ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். கை அசந்தால் திரையில் நடப்பவர் அசந்து நடப்பார், கை அவசரப்பட்டால் அவர் ஓடுவார். அக்காலத்துச் சுருள்கள் நைத்திரேற்றால் ஆனவை. ஒரு பொறி போதும், முழுக் கூடாரமும் சாம்பல். இதையெல்லாம் ரயிலிலும் மாட்டு வண்டியிலும் ஏற்றி இறக்கி, மழை வெயில் படாமல் பார்த்து, அடுத்த ஊரில் கூடாரம் அடித்து, அன்றைய இரவே படம் காட்ட வேண்டும்.

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் தடைக்காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் இயந்திரத்தை ஓடவைத்து, பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள் நாங்கள். ஒரு படம் பார்ப்பதற்காக வெளிச்சத்தை உண்டாக்குவதே பெரிய வேலையாக இருந்த காலம் எங்களுக்கும் இருந்தது. 1905இன் திருச்சியும் 1992இன் யாழ்ப்பாணமும் இந்த ஒரு விடயத்தில் அயலூர்கள்.

வின்சென்ட் திருச்சியில் தொடங்கித் தமிழ்நாடெங்கும் போனார். 1909இல் சென்னைக்கு வந்து எஸ்பிளனேட் பகுதியில் கூடாரம் போட்டார். வடக்கே லாகூர், பெஷாவர் வரை அவருடைய கூடாரம் சென்றது. கடல் கடந்து ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் போனார். இந்தப் பயணப் பாதையில் ஒரு கணக்கு இருக்கிறது. ரயில்வேயில் வேலை பார்த்தவருக்கு எந்தத் தண்டவாளம் எங்கே போகிறது, எந்தச் சந்தியில் வண்டி மாற வேண்டும் என்பது கைரேகை மாதிரித் தெரிந்திருக்கும். விட்டுவிட்டு வந்த உத்தியோகம் அவருக்கு அப்படியாவது பயன்பட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

காட்டிய படங்கள் மௌனப்படங்கள். திரைக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் கதையைச் சொல்லிக்கொண்டு போவது வழக்கம். பார்க்க வந்தவர்கள் மண்ணில் குந்தினார்கள். தூரத்து ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். படம் முடியும்வரை மாடுகள் வெளியே அவிழ்த்துக் கட்டப்பட்டிருக்கும். கூடாரத்துக்குள் சாதி பார்த்து இருத்தவில்லை, காசு பார்த்து இருத்தினார்கள். தரை, பாங்கு, கதிரை. கோயிலுக்குள் போக முடியாதவன் டிக்கெட் வாங்கினால் கொட்டகைக்குள் போகலாம். சினிமாக் கொட்டகைகளைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் இதைச் சொல்கிறார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் காசு பார்ப்பதும் ஒரு வேலிதான். தரை டிக்கெட்டில் இருந்தவருக்கு அது தெரியும்.

அந்தக் காலத்தில் இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் இடையில் படப்பெட்டி போய் வருவது பெரிய விடயமாக இருக்கவில்லை. சென்னையின் ரகுபதி வெங்கையா ஒலியோடு சேர்த்துப் படம் காட்டும் ஒரு கருவியை எடுத்துக்கொண்டு இலங்கைக்கும் பர்மாவுக்கும் வந்து போயிருக்கிறார். கடவுச்சீட்டு என்ற பேச்சு எழாத காலம். 1914 பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கொழும்புக்கு மறுபடி ரயில் என்று வழி இன்னும் சுருங்கியது. நாடகக் குழுக்களும் படப்பெட்டிகளும் சேலைக் கட்டுகளும் அந்த வழியால் வந்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அந்த வழியும் அழிந்தது. 1990இல் திருகோணமலையிலிருந்து எங்கள் பெரியம்மா குடும்பம் தலைமன்னார்க் கடலைத் தாண்டியது ஒரு மீன்பிடி வள்ளத்தில், இரவில்.

1914

பாம்பன் பாலம் திறந்த அதே ஆண்டில் வின்சென்ட் கூடாரத்தைச் சுருட்டி வைத்துவிட்டுக் கோயம்புத்தூரில் நிரந்தரமாக ஒரு தியேட்டர் கட்டினார். பெயர் வெரைட்டி ஹால். தென்னிந்தியாவின் முதல் தியேட்டர் என்று கோவைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் சென்னையில் வார்விக் மேஜர் என்ற ஐரோப்பியர் 1913இலேயே எலெக்ட்ரிக் தியேட்டரைத் திறந்திருந்தார். அது இப்போதும் மவுண்ட் ரோட் தபாலகத்தின் ஒரு பகுதியாக, முத்திரை விற்கும் இடமாக நிற்கிறது. வெங்கையாவும் அதே காலத்தில் சென்னையில் கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். யார் முதல் என்ற வழக்கில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. முதலாளித்துவமோ ஆங்கிலேயரின் அனுசரணையோ பின்னால் இல்லாத, 25 ரூபாய்ச் சம்பளக்காரர் ஒருவர் ஒன்பது வருடக் கூடார வருமானத்தில் ஒரு தியேட்டரை எழுப்பினார் என்பது எனக்குப் போதும்.

தியேட்டருக்கு மின்சாரம் வேண்டும். நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் வந்து கோயம்புத்தூருக்கு வெளிச்சம் கிடைத்தது 1930களில்தான். அதற்கு ஏறத்தாழ இருபது வருடத்துக்கு முன்பே வின்சென்ட் சொந்தமாக இயந்திரம் வைத்து மின்சாரம் எடுத்தார். அந்த வெளிச்சம் தியேட்டரோடு நிற்கவில்லை. மின்சாரத்தில் ஓடும் அச்சகம் ஒன்றைத் தொடங்கினார். அரிசியும் மாவும் அரைக்கும் ஆலை ஒன்றும் வந்தது. படக்கருவிகளை வாங்கி மற்றவர்களுக்கு விற்கும் முகவராகவும் ஆனார். ஊர் ஊராய்த் திரியும் புதிய படக்காரர்கள் பலருக்குக் கருவியும் சுருளும் அவரிடமிருந்தே போயின. எங்களுடைய லாண்ட்மாஸ்ரர்க்காரரும் பகலில் அதே ஜெனரேற்றரை வைத்துக் கிணறு இறைத்துக் கொடுத்தவர்தான். வெளிச்சம் வைத்திருப்பவனை ஊருக்குப் பல வேலைக்குத் தேவை.

பேசத் தொடங்கிய படம்

1931இல் 'காளிதாஸ்' வந்தபோது தமிழ்ப் படம் பேசியது. மௌனப்படத்தில் ஊறிப்போன பல பழைய ஆட்கள் அந்த மாற்றத்தோடு ஓய்ந்தார்கள். வின்சென்டுக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. அவர் ஓயவில்லை. கல்கத்தாவின் பயனியர் நிறுவனத்தோடு சேர்ந்து 1933இல் 'வள்ளி திருமணம்' எடுத்தார். வள்ளியாக நடித்தவர் 'காளிதாஸ்' படத்தின் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி. படம் பெரிய வெற்றி. கிறிஸ்துவின் கதையோடு தொழிலைத் தொடங்கியவர், ஒரு கிறிஸ்தவர், முருகனின் காதற்கதையில் காசு பார்த்தார். இதில் ஒரு முரணும் இல்லை. சனம் எந்தக் கதையைப் பார்க்க மண்ணில் குந்தும் என்பது முப்பது வருடமாகக் கூடார வாசலில் நின்றவருக்குத் தெரியும்.

தமிழ்ப் படம் எடுக்கக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயிலேற வேண்டிய காலம் அது. நடிகர்கள், பக்கவாத்தியக்காரர்கள், சமையற்காரர் வரை மூட்டை முடிச்சோடு போய் மாதக்கணக்காகத் தங்குவார்கள். இதைக் கோயம்புத்தூரிலேயே செய்யலாமே என்று ஊர் ஆலை முதலாளிகள் சிலர் சேர்ந்து 1930களின் நடுவில் சென்ட்ரல் ஸ்ரூடியோவைத் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் வின்சென்டும் ஒருவர். 'ஹரிதாஸ்' அங்கேதான் எடுக்கப்பட்டது. கண்டிச் சீமையில் பிறந்த எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி'யும் அங்கேதான்.

எங்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. சிங்களத்தின் முதல் பேசும்படமான 'கடவுணு பொரொந்துவ' 1947 ஜனவரியில் வந்தது. தயாரித்தவர் மதுரையைச் சேர்ந்த எஸ். எம். நாயகம். அதே ஆண்டு ஏப்ரலில் இரண்டாவதாக வந்த 'அசோகமாலா' படமாக்கப்பட்டது கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்ரூடியோவில். இலங்கையிலிருந்து போன ஒரு படப்பெட்டியில் தொடங்கிய வாழ்க்கை, சிங்களப் படம் ஒன்று உருவாகும் களமாகத் திரும்பி வந்தது. அதைப் பார்க்க வின்சென்ட் உயிரோடு இல்லை. 1942 ஏப்ரல் 22ஆம் திகதி, 59ஆவது பிறந்தநாள் கழிந்து நான்காம் நாள், காலமானார்.

அதற்குப் பிறகு இங்கே என்ன நடந்தது என்பதை இதை வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1983 ஜூலையில் தமிழர்களின் தியேட்டர்கள் எரிந்தன. கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிந்தபோது, அதில் போனவற்றில் பெரும்பாலானவை சிங்களப் படங்களின் மூலச்சுருள்கள். யார் யாருக்கு எதைக் கொடுத்தார்கள் என்ற கணக்கு நெருப்புக்குத் தெரியாது.

இடிந்த மண்டபம், மிஞ்சிய பெயர்

வெரைட்டி ஹால் பிற்காலத்தில் டிலைட் தியேட்டர் என்று பெயர் மாறியது. புதுப்படங்கள் குளிரூட்டிய அரங்குகளுக்குப் போய்விட, கடைசிக் காலத்தில் டிலைட்டில் எம்.ஜி.ஆர்., சிவாஜி பழைய படங்கள் ஓடின. பார்க்க வந்தவர்களும் பழைய ஆட்கள். பிறகு அதுவும் நின்றது. சில ஆண்டுகளுக்கு முன் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். குண்டு விழவில்லை. யாரும் கொளுத்தவில்லை. நிலத்தின் விலை ஏறியது, தியேட்டரின் வருமானம் இறங்கியது. அமைதியான ஊர்களில் தியேட்டர்கள் இப்படித்தான் சாகின்றன.

கோயம்புத்தூருக்கு வெளியே, சிறுவாணி வீதியில், பூலுவப்பட்டி முகாமில் பெரியம்மா இருக்கிறா. முப்பது வருடத்துக்கும் மேலாகிவிட்டது. அவவைப் பார்க்கப் போன முறை, டிலைட் இருந்த இடத்தைக் காட்டச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். அவவுக்கு அந்தத் தியேட்டரைத் தெரியும். முகாமிலிருந்து டவுனுக்கு வரும் நாட்களில் பெரியப்பாவோடு இரண்டு தடவை பழைய படம் பார்த்திருக்கிறா. இப்போது அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீதிக்கு இன்றைக்கும் வெரைட்டி ஹால் ரோட் என்றுதான் பெயர். பஸ்காரருக்கும் ஓட்டோக்காரருக்கும் அது தெரியும். வெரைட்டி ஹால் ரோட் காவல் நிலையம் என்று ஒன்று கூட இருக்கிறது. ஒரு படக்கொட்டகையின் பெயரைப் பொலிஸ் நிலையம் தாங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தபோது எனக்கு யாழ்ப்பாணத்து ஸ்ரீதர் தியேட்டர் ஞாபகம் வந்தது. அது கட்சி அலுவலகமாக மாறியும் சனம் அந்த இடத்தை ஸ்ரீதர் தியேட்டர் என்றுதான் சொன்னது.

வின்சென்டைப் பற்றி நாங்கள் இவ்வளவு பேச முடிவதற்குக் காரணம் சு. தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் தேடி எழுதி வைத்ததுதான். அவர்கள் இல்லாவிட்டால் அவரும் ஒரு வீதிப் பெயரின் பின்னால் ஆள் தெரியாமல் நின்றிருப்பார். எங்கள் பக்கத்தில் தியேட்டர் நடத்தியவர்கள், படப்பெட்டி சைக்கிளில் கட்டிக்கொண்டு இரண்டு தியேட்டருக்கிடையில் ஓடியவர்கள், நோட்டீஸ் வண்டியில் மைக் பிடித்தவர்கள், இயந்திர அறைக்குள் வெந்தவர்கள் எத்தனை பேர்! பலர் போய்விட்டார்கள். சிலர் இன்னும் இருக்கிறார்கள், ரொறன்ரோவில், லண்டனில், பூலுவப்பட்டியில். அவர்களிடம் ஒரு போனை நீட்டிப் பேசச் சொல்ல அதிக செலவாகாது. தகவல் கேட்டுப் போகிற எங்களைப் போன்றவர்கள் போரைப் பற்றி மட்டுமே அவர்களிடம் கேட்டிருக்கிறோம். நானும் அப்படித்தான். பெரியம்மாவிடம் வள்ளம் ஏறிய இரவைப் பற்றி எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. படம் பார்த்ததைப் பற்றி அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன்.

பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் அவ விரல் மடக்கி எண்ணினா. நெல்சன், சரஸ்வதி, லக்ஷ்மி. எந்தத் தியேட்டரில் பெண்களுக்கு எந்தப் பக்கம் வாசல், இடைவேளைக்கு எந்தக் கடையில் கச்சான், கடைசிக் காட்சி முடிந்து வரும்போது கடற்கரைக் காத்து எப்படி அடிக்கும் என்று எல்லாம் சொன்னா. மறுநாள் காலை முகாமில் பதிவு இருந்தது. பஸ் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு முன்வாசலால் ஏறிக்கொண்டா. மிச்சத்தை அடுத்த முறை கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.